சீதனத் திடலில் ஒரு மின்சார கிதார்

போகியன்று காலை, பல் விளக்கிய கையோடு, என் கணவர் ஒரு பிரகடனம் செய்தார்.

"என்னைக் கேக்காம இந்த ஊர்ல ஒரு முளைக்குச்சி அடிக்க முடியாது. கிதாராவது கத்தரிக்காயாவது."

கத்தரிக்காய் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். சிங்காரவேலு அவர்கள் வாதத்தில் தோற்க ஆரம்பித்தால் காய்கறிகள் வரும். முதலில் கத்தரிக்காய். கொஞ்சம் நெருக்கினால் வெண்டைக்காய். பூசணிக்காய் வந்துவிட்டால் விவாதம் முடிந்தது, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார் என்று அர்த்தம். இரண்டு வருஷத்து மனைவிக்கு இதுகூடத் தெரியாதா?

வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் ஜெக்கரியா, தரங்கம்பாடிக்காரன். பினாங்கில் கடை வைத்திருக்கும் அவன் மாமா அனுப்பிய மின்சார கிதாரைக் கைப்பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு திரிபவன். இன்னொருவன் ரெத்தினம், எங்கள் ஊர்க் கோயில் நாயனக்காரர் வீட்டுப் பிள்ளை. சிதம்பரத்தில் நான் எம்.ஏ. படிக்கும் அதே பல்கலைக்கழகத்தில்தான் இருவரும் படிக்கிறார்கள். போன வருஷம் விடுதி விழாவில் ஒருவன் கிதாரையும் ஒருவன் நாயனத்தையும் எடுத்து, பின்னால் டிரம்ஸும் தவிலும் சேர்ந்துகொள்ள, மோகனத்தில் ஆரம்பித்தார்கள். பெண்கள் பக்கம் மொத்தமும் பெஞ்சின்மேல் ஏறி நின்றது. வார்டன் அம்மா இறங்கச் சொன்னார். நாங்கள் இறங்கவில்லை. பாதியில் வார்டன் அம்மாவும் ஏறினார்.

அதே கச்சேரியைக் காணும் பொங்கலன்று எங்கள் ஊரில் நடத்த வேண்டும், டிக்கெட் கிடையாது, பஸ் ரோட்டோரம் இருக்கும் பெரிய திடலைத் தந்தால் போதும் என்று கேட்க வந்திருந்தார்கள். வெள்ளம் வந்தாலும் தண்ணீர் ஏறாத மேடு அது. அறுவடை ஆரம்பித்தால் நெல் அடிக்கும் களம். அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருந்ததால் காலியாகக் கிடந்தது. வீட்டுக்கே வந்து கேளுங்கள் என்று அவர்களை வரச் சொன்னவள் நான். அதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள்.

என் கணவர் ஆறு வருஷமாக எங்கள் ஊர் சங்கீத சபாவின் தலைவர். கோயில் மண்டபத்தில் வருஷத்துக்கு மூன்று கச்சேரி. முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். அவருடைய தாளம் ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட வித்வான் போட்ட இடத்தில் விழுந்ததில்லை. வருகிற வித்வான்கள் எல்லாரும் அவர் பக்கம் பார்க்காமல் பாடப் பழகியிருந்தார்கள்.

"சுத்த சங்கீதத்துல சீமைச் சத்தத்தைக் கலக்குறது பால்ல மண்ணெண்ணெய் ஊத்துற மாதிரி," என்றார் அந்தத் தலைவர்.

"வயலின் எந்த ஊருங்க?" என்றேன்.

"அது வேற."

"கிளாரினெட்டு?"

"அது பழசு."

"பழசானா சுத்தமாயிடுமா? அப்ப கிதாரையும் உள்ள விடுங்க. இருந்து பழசாகட்டும்."

ரெத்தினம் இருமினான். ஜெக்கரியா கிதாரின் உறையை ரொம்பக் கவனமாகப் பார்த்தான். நான் விடவில்லை. தஞ்சாவூர் அரண்மனையில் வெள்ளைக்காரன் பாணியில் பேண்டு வைத்திருந்ததைச் சொன்னேன். நின்றுகொண்டு வாசிக்கிற வயலினைச் சம்மணம் போட்டு உட்கார வைத்து, நம் வீட்டுப் பிள்ளை ஆக்கியதே இந்தக் காவேரித் தண்ணீர்தான் என்றேன். அன்றைக்கும் உங்களை மாதிரி ஒருவர் மண்ணெண்ணெய் என்று சொல்லியிருப்பார், அவர் பேர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்றும் கேட்டேன்.

வெண்டைக்காய் வந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான காரணமும் வந்தது.

"அங்க யார் யார் வருவாங்க, எங்கெங்க உக்காருவாங்கன்னு யோசிச்சியா?"

அதானே பார்த்தேன். கோயில் மண்டபத்தில் யார் எந்தத் தூணுக்கு இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்பது பல காலத்துக்கு முன்பே முடிவானது. திடலில் தூண் கிடையாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து நடவு ஆட்களும் அறுவடை ஆட்களும் வந்து, இவர் பக்கத்திலேயே சமமாக உட்கார்ந்துவிட்டால்? ஏற்கெனவே போன சம்பாவுக்குக் கூலி உயர்த்தச் சொல்லி வரப்பில் செங்கொடி நட்டவர்கள். அவர்கள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது என்று அவருக்கும் தெரியும். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"பூசணிக்கா," என்றார். எழுந்தார். துண்டை உதறினார். "என் நிலம். நான் சொல்றேன். அங்க கிதார் சத்தம் கேக்காது. நீயும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது."

போய்விட்டார்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அது அவர் நிலம் இல்லை. என் நிலம்.

எங்கள் கல்யாணம் நடந்தது எழுபதாம் வருஷத் தையில். அப்போதே சென்னையிலிருந்து செய்தி கசிந்துவிட்டது, ஒரு குடும்பத்துக்கு முப்பது ஏக்கர் என்று இருந்த உச்சவரம்பைப் பதினைந்தாக வெட்டப் போகிறார்கள் என்று. இவர் குடும்பத்துக்கு நாற்பத்திரண்டு ஏக்கர். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தூக்கம் போயிற்று. பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டார் கொடுக்கும் சீதன நிலத்துக்குத் தனிச் சலுகை உண்டு, அது புருஷன் கணக்கில் சேராது என்று ஒரு வக்கீல் சொன்னார். பெண்ணைத் தேடியதைவிட வேகமாகச் சீதனத்தைத் தேடினார்கள். என் அப்பா தங்கையன், மாயவரத்துப் பக்கம் ஒரு சின்னத் தபால் ஆபீசில் போஸ்ட் மாஸ்டர். அவரிடம் ஏது நிலம்? அதனால் இவர்களே தங்கள் நிலத்தில் எட்டு ஏக்கரை, திடலோடும் நெல் கொட்டகையோடும் சேர்த்து, அவருக்கு விற்றதாகப் பத்திரம் எழுதினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் அதை எனக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு வாரம் என் அப்பா மிராசுதார். அந்த வாரமும் அவர் லீவு போடவில்லை, ஸ்டாம்புதான் விற்றுக்கொண்டிருந்தார்.

மிச்ச நிலமும் இப்படித்தான் போயிற்று. மாமியார் பேரில் ஆறு ஏக்கர், கைநாட்டு வாங்கி. ஒன்றுவிட்டவர்கள், இரண்டுவிட்டவர்கள் எல்லாரும் நிலச்சுவான்தார் ஆனார்கள். வீட்டில் பட்டா இல்லாமல் மிஞ்சியது கறவை மாடு ஒன்றுதான். ரேகை வைக்க அதன் கால் சரிப்படவில்லை.

என்னை எம்.ஏ. படிக்க அனுப்பியதும் அந்த வக்கீலின் யோசனைதான். கைநாட்டு மனைவி என்றால் அதிகாரி சந்தேகப்படுவாராம். படித்த மனைவி என்றால் நம்புவாராம். ஆக, என் படிப்பே ஒரு பத்திரச் செலவு.

இது நியாயமா என்று என்னைக் கேட்டால், இல்லை. கல்யாணத்தன்று என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த எட்டு ஏக்கரை ஆறு வருஷமாகக் குத்தகைக்கு உழுது பயிர் வைக்கிற முருகையன் கேட்டுக்கொண்டே இருந்தார். குத்தகைக்காரர் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு அறுவடைக்கும் அவர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். என் கணவர் ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "அது அம்மா நிலம்டா. நான் எப்படிப் பதியறது?"

சரி, போகிக்கு வருகிறேன்.

பூசணிக்காயோடு வெளியே போனவர் ஒரு மணி நேரத்தில் திரும்பினார். காப்பி கேட்டார். குடித்தார். பிறகு, லீவுக்கு நான் வந்ததிலிருந்து ஒரு மாசமாகத் தினமும் நடப்பதுபோல, என்னை எதிரே உட்கார வைத்து ஒத்திகையை ஆரம்பித்தார். பொங்கல் முடிந்த மறுவாரம் நிலச் சீர்திருத்தத் தாசில்தார் விசாரணைக்கு வருகிறார். அவர் கேட்கப் போகும் கேள்விகளுக்குப் பதில் மனப்பாடம். மாமியார் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

"பேரு?"

"பிரகதாம்பாள்."

"இது யார் நிலம்?"

"என் நிலம்."

"யார் குடுத்தா?"

"எங்கப்பா சீதனமா குடுத்தாருங்க."

"எல்லை?"

"வடக்க வாய்க்கால், கிழக்க பஸ் ரோடு, தெற்க மூங்கில் கொல்லை, மேற்க சுடுகாட்டுப் பாதை."

"யார் சாகுபடி?"

"சொந்தச் சாகுபடிங்க."

"புருஷனுக்கும் இந்த நிலத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லைங்க."

"இன்னும் கொஞ்சம் அழுத்தமா சொல்லு. சந்தேகமே வரக் கூடாது."

"ஒரு சம்பந்தமும் இல்லைங்க."

"சபாஷ்," என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இதே வாய்தான் 'என் நிலம்' என்று கர்ஜித்தது என்பது அவருக்கு ஞாபகமே இல்லை.

எனக்கு இருந்தது.

பண்டிகை நாளில் ஒலிபெருக்கி வைக்கப் போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு நிலத்துக்காரர் சம்மதக் கடிதம் வேண்டும். நிலம் கையெழுத்துப் போட்டவர் பேரில்தான் இருக்கிறது என்று கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுக்க வேண்டும். சம்மதக் கடிதத்தை நானே எழுதி, 'நில உரிமையாளர்' என்று கையெழுத்துக்குக் கீழே எழுதினேன். எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

கணக்குப்பிள்ளை ஐயாவு கடிதத்தை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"இது தம்பிக்குத் தெரியுமாம்மா?"

"எதுக்குத் தெரியணும்? அவருக்கும் நிலத்துக்கும் சம்பந்தம் இருக்கா?"

"அது வந்து..."

"இருந்தா அதையே எழுதிக் குடுங்க. தாசில்தார்ட்ட அனுப்பிடுறேன். கணக்குல நீங்க எழுதினது தப்புன்னு அவரும் தெரிஞ்சிக்கட்டும்."

ஐயாவுவின் பேனா அதுவரை அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. அன்று மத்தியானமே வேதாரண்யத்தில் இருக்கும் மகள் வீட்டில் பொங்கல் கொண்டாடக் கிளம்பிவிட்டார். அவருக்கு மகளே கிடையாது என்று மாமியார் பிறகு சொன்னார்.

இரண்டாவதாக ஒரு கடிதமும் எழுதினேன், தாசில்தாருக்கு. விசாரணைக்கு முன்பே இடத்தை நேரில் பார்ப்பது வசதி, காணும் பொங்கலன்று எங்கள் திடலில் இசை நிகழ்ச்சியும் இருக்கிறது, குடும்பத்தோடு வர வேண்டும், இப்படிக்கு நில உரிமையாளர். ஜெக்கரியா இரண்டையும் வாங்கிக்கொண்டு வலங்கைமானுக்குச் சைக்கிளில் பறந்தான்.

மாட்டுப் பொங்கலன்று விஷயம் வெளியே வந்துவிட்டது. பந்தக்கால் நட முருகையனைக் கூப்பிட்டிருந்தேன். அவர் போய், அம்மா சொன்னாங்க, நடலாமா என்று இவரைக் கேட்டிருக்கிறார். மாட்டுக் கொம்புக்குப் பூசிய வர்ணம் கையில் ஒட்டியிருக்க, இவர் நேரே அடுப்படிக்கு வந்தார்.

"நீதான் சொன்னியா?"

"நான்தான் சொன்னேன்."

நான் அடுத்த வாதங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். வயலினிலிருந்து ஆரம்பித்து அரசியல் சட்டம் வரைக்கும். அவர் ஒன்றையும் கேட்கவில்லை. சிரித்தார்.

"சரி. நடக்கட்டும். நீயும் போய்ட்டு வா."

காய்கறி எதுவும் வரவில்லை.

காணும் பொங்கல் சாயங்காலம் நாலு மணிக்குத் திடலில் நிற்க இடமில்லை. ஆற்றங்கரையில் கட்டுச்சோறு தின்ன வந்தவர்கள் தூக்குச்சட்டியோடு இங்கே வந்துவிட்டார்கள். வலங்கைமான் பஸ் இறக்கிய கூட்டம் வேறு. வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அந்தத் தெருவே வந்தது, பிள்ளைகள் தோளில். எங்கே உட்கார என்று தயங்கினார்கள். எங்கே இடம் இருக்கிறதோ அங்கே என்றேன். தூண் இல்லாத இடத்தில் அதுதான் வசதி. ஜெக்கரியாவின் அம்மா ஜன்னத் பீவி மகன் வாசிப்பதை முதல் தடவையாகக் கேட்கத் தரங்கம்பாடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். என்னைக் கண்காணிக்க அனுப்பப்பட்ட என் மாமியார் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வெற்றிலைப் பெட்டி திறந்தது. கண்காணிப்பு அத்தோடு முடிந்தது.

தாசில்தார் வந்தார். மனைவி வந்தார். மனைவி கையில் பாய் இருந்தது. முன்னால் விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். "கிதாரும் நாயனமும் சேந்து நான் கேட்டதே இல்லைம்மா," என்று என்னிடம் சொன்னார் தாசில்தார்.

கடைசியில் என் கணவர் வந்தார். சலவை வேட்டி. இடுப்பில் அகலமான பச்சை பெல்ட்டு. பாயில் இருப்பவர் யார் என்று தெரியாமல் நாற்காலி ஒன்றை இழுத்து முன்வரிசையில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அதே சிரிப்பு.

ஜெக்கரியா கிதாரைத் தோளில் மாட்டினான். கூட்டம் அடங்கியது. தந்தியைச் சுண்டினான்.

ஒன்றும் கேட்கவில்லை.

மறுபடியும் சுண்டினான். ஒரு கொசு பறந்தால் அதைவிடச் சத்தம் வரும். மைக்கும் செத்துக் கிடந்தது. நெல் கொட்டகையிலிருந்து கரண்டு இழுத்திருந்தோம். அங்கே ஓடிப் பார்த்துவிட்டு வந்தவன் முகம் சுண்டியிருந்தது. "அக்கா, ஃபியூஸ் கட்டையைக் காணோம்."

கொட்டகைச் சாவி ஒரே ஒருவரிடம்தான் உண்டு. நான் திரும்பிப் பார்த்தேன். பச்சை பெல்ட்டின் பை, பன் ரொட்டி வைத்ததுபோல் புடைத்திருந்தது.

கூட்டத்தில் முணுமுணுப்பு. ஜன்னத் பீவி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் எழுந்து துண்டைத் தட்டினார். இன்னும் இருவர் எழுந்தார்கள். ஒரு பத்து நிமிஷம் இப்படியே போனால் திடல் காலி. அப்புறம் ஆயுசுக்கும் நான் இந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே சோறு போட வேண்டும்.

ரெத்தினம்தான் காப்பாற்றினான். நாயனத்துக்குக் கரண்டு எதற்கு? சீவாளியை வாயில் வைத்து ஓர் ஊது. பஸ் ரோட்டில் போன வண்டி மாடு நின்றது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அந்த இடைவெளி எனக்குப் போதும்.

"என்னங்க, ஃபியூஸ் கட்டை எங்க?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார், நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து. "என்னைக் கேட்டா பந்தல் போட்டீங்க?"

பாயில் இருந்தவர் திரும்பினார். "நீங்க யாருங்க?"

"நானா? நான் யாருன்னு இந்த ஊர்ல..." என்று ஆரம்பித்தார்.

"என்னங்க," என்றேன் நடுவில் புகுந்து, ரொம்ப மரியாதையாக. "இவங்கதான் நிலச் சீர்திருத்தத் தாசில்தார். அடுத்த வாரம் நம்ம ஊருக்கு வரப்போறாங்களே, அவங்க."

கால்மேல் இருந்த கால் இறங்கியது. பிறகு மொத்த மனிதரும் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

தாசில்தார் நல்லவர். சாதாரணமாகத்தான் கேட்டார். "இந்தத் திடல் யாருதுங்க?"

ரெத்தினம் சரியாக அந்த இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினான். என் கணவரின் வாய் பழக்கத்தில் திறந்துகொண்டது. 'என்' என்ற எழுத்துகள் வெளியே வந்தே விட்டன. அதற்கு அப்புறம் வருகிற வார்த்தையில் எட்டு ஏக்கர் தொங்கியது. அவர் முகத்தில் பதினைந்து ஏக்கர் ஒருபுறமும் நாற்பத்திரண்டு ஏக்கர் ஒருபுறமும் இழுத்தன.

"என்... என் சம்சாரத்து நிலம்ங்க."

"ஓகோ. அப்ப உங்களுக்கு?"

"எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க."

நான் அவர் காதருகே குனிந்தேன். "இன்னும் கொஞ்சம் அழுத்தமா சொல்லுங்க. சந்தேகமே வரக் கூடாது."

"ஒரு சம்பந்தமும் இல்லைங்க," என்றார். அழுத்தமாகவே சொன்னார். பாய்க்கு நாலு வரிசை பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்டது.

நான் கையை நீட்டினேன். நீட்டிக்கொண்டே இருந்தேன். அவர் பெல்ட்டைத் திறந்து, வெள்ளைப் பீங்கான் கட்டையை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்து வைத்தாராம். தாசில்தாரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜெக்கரியா கட்டையோடு ஓடினான். அந்த நேரத்தைப் போக்க, வந்த வேலையை மறக்காத தாசில்தார் பாயில் இருந்தபடியே விசாரித்தார். எல்லை என்னம்மா? வடக்க வாய்க்கால், கிழக்க பஸ் ரோடு என்று கடகடவென்று ஒப்பித்தேன். அவர் மெச்சிக்கொண்டார். என் வாத்தியார் பக்கத்தில் நின்று கூடவே உதட்டை அசைத்தார்.

"யார் சாகுபடி?"

"சொந்தச் சாகுபடி," என்று பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு எடுத்துக் கொடுத்தது.

பந்தக்காலின் உச்சியில் ஒயரைக் கட்டிக்கொண்டிருந்த முருகையன் கையை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார். நான் மேலே பார்த்தேன்.

"முருகையன்ங்க. அந்தா மேல இருக்காரே, அவர்தான். ஆறு வருஷமா குத்தகை. என் பேர்ல இருக்குற நிலம்னு இவரால பதிய முடியலையாம். நான் சம்மதிக்கிறேன், எழுதிக்குங்க."

தாசில்தார் கச்சேரி நோட்டீசைத் திருப்பி, அதன் முதுகில் எழுதிக்கொண்டார். மேலே இருந்த முருகையன் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு கத்தரிக்காய்கூட வரவில்லை.

அப்போதுதான் கரண்டு வந்தது.

அதை நான் எப்படிச் சொல்ல? ஜெக்கரியா சுண்டிய முதல் தந்திக்கே வாய்க்கால் மேட்டுக் கொக்குகள் மொத்தமும் கிளம்பின. டிரம்ஸ் நெஞ்சுக்குள் இடித்தது. தவில் அதைப் பிடித்துக்கொண்டு, நீ இடி, நான் பேசுகிறேன் என்று பேசியது. ரெத்தினம் கானடாவை ஓர் இழுப்பு இழுத்து நிறுத்த, ஜெக்கரியா அதே இழுப்பைக் கிதாரில் கொஞ்சம் திமிரோடு திருப்பிக் கொடுத்தான். நாயனம் விடுமா? மேலே ஒரு படி ஏறி நின்று, வா பார்க்கலாம் என்றது. கிதார் வந்தது. நாயனம் இன்னொரு படி. மின்சாரத்தில் ஓடுகிற வாத்தியத்துக்கு மூச்சில் ஓடுகிற வாத்தியம் தண்ணி காட்டியபோது எங்கள் ஊர்க்காரர்கள் போட்ட சத்தம் கும்பகோணத்துக்குக் கேட்டிருக்கும். அந்தத் தெருப் பெண்கள் பாயின் விளிம்பில் உட்கார்ந்து தாசில்தார் மனைவியோடு சேர்ந்து கைதட்டினார்கள். ஜன்னத் பீவி அழுதுகொண்டே சிரித்தார். என் மாமியார் வெற்றிலைச் சாற்றைத் துப்ப எழுந்தவர், துப்ப மறந்து நின்றுகொண்டே கேட்டார்.

நான் முன்வரிசையில் இருந்தேன். அந்த நாற்காலியில். காலியாகத்தானே இருந்தது.

என் கணவர் எனக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் முருகையன், இன்னொரு பக்கம் போன வருஷம் எங்கள் வரப்பில் கொடி நட்ட ஆள். மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அரை மணி நேரம் கழித்துத் தற்செயலாகத் திரும்பினேன். அவர் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. டிரம்ஸ் விழுந்த இடத்தில் விழுந்தது. மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவை. அவருக்கே ஆச்சரியம்போல, தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை முருகையன் வாழைத்தாரோடு வந்து நின்றார். அடுத்த பொங்கலுக்கும் இங்கேதான் கச்சேரி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், பந்தக்காலைப் பிடுங்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று வழக்கம்போல என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"என்னை எதுக்குய்யா கேக்குற?" என்றார் அவர் காப்பி டம்ளருக்குள் பார்த்தபடி. "நிலத்துக்காரங்களைக் கேளு."

நான் இந்த வெற்றியை ஒரு வாய் காப்பியோடு சேர்த்து விழுங்கும் முன்பே, மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். ஒரு மாசமாக ஒத்திகை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவர் அல்லவா?

"ஏண்டா வேலு," என்றார். "என் பேர்லயும் ஆறு ஏக்கர் இருக்குன்னு கைநாட்டு வாங்கினியே, அதுக்கு நாலு பக்கமும் எல்லை என்னடா?"